ஆடிக்கும் மார்கழிக்கும் ஒரு சாம்பியன்

தாம்பரம் முடிச்சூர் சாலையில் கிளியம்மாள் திருமண மாளிகை என்று ஒரு மண்டபம் இருக்கிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அங்கே கல்யாணம் நடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் அங்கே ரெஸ்லிங் நடக்கும். அதே சீரியல் விளக்கு, அதே சிவப்புக் கம்பளம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. ஒரே வித்தியாசம், ரெஸ்லிங்கில் யார் ஜெயிக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். கல்யாணத்தில் அந்த வசதி கிடையாது.

அந்த மண்டபத்தில் சிட்டிபாபு பன்னிரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தான்.

தற்செயலாகத் தோற்கவில்லை; அதுதான் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. மற்ற நாளெல்லாம் திருமுடிவாக்கத்தில் ஒரு ஷெட்டில் தகடு வளைக்கும் மெஷின் முன்னால் நிற்பான். ஆடி, மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்கு வந்து, டைட் பேண்டுக்கு மேல் பச்சை ஜட்டியை மாட்டிக்கொண்டு, யாராவது ஒருத்தனிடம் அடி வாங்கி மல்லாந்து விழுவான். அவன் விழுந்தால் சமையற்கட்டில் அண்டா அதிரும். கடைசி வரிசையில் இருப்பவர்கள் "ஐயோ, செத்தான்" என்பார்கள். ஆனால் அவனுக்கும் அடிபடாது, தூக்கிப் போட்டவனுக்கும் சுளுக்கு விழாது. புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் முதல் போட்டி சிட்டியண்ணன்கூடத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். கைகால் முழுசாக வீடு போய்ச் சேரலாம் என்கிற நம்பிக்கைதான், வேறென்ன.

மண்டபத்தின் சொந்தக்காரர் தினகரன். அப்பா விட்டுப்போன வயலை எல்லாம் பிளாட் போட்டு விற்று, மிஞ்சிய துண்டில் அம்மா கிளியம்மாள் பேரில் மண்டபத்தைக் கட்டியவர். வருடத்தில் இரண்டு மாதம் மண்டபம் சும்மா கிடப்பதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. வாட்ச்மேன் சும்மா, ஜெனரேட்டர் சும்மா, வருடச் சம்பளம் பேசி வைத்திருக்கும் மேளக்காரர்களும் சும்மா. சின்ன வயதிலிருந்து டிவியில் வெள்ளைக்காரன்கள் ரெஸ்லிங் போடுவதை வாய் பிளந்து பார்த்தவர் அவர். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். தாம்பரம் வட்டார ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம் அப்படித்தான் பிறந்தது. பல்லாவரத்தில் தோல் தைக்கிற ஒருவரிடம் பெல்ட் செய்து, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். அதில் சிங்கம் பொறிக்கச் சொன்னார்கள். வந்தது பூனைதான். ஆனால் கோபமான பூனை.

கல்யாணத்துக்குப் பழகிய ஆட்கள் ரெஸ்லிங்கையும் கல்யாணமாகத்தான் நடத்தினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்கள் தலையில் பன்னீர் தெளித்து, கையில் கற்கண்டைக் கொடுத்தார்கள். பயில்வான்கள் நாதஸ்வரத்தோடு வந்தார்கள். சாம்பியனுக்கு ஏசி வைத்த மணமகன் அறை, சவால் விடுகிறவனுக்கு மணமகள் அறை. முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு தாம்பூலப் பை. அடிபட்டவனுக்கும் உண்டு.

இதில் முக்கியமானது கெட்டிமேளம். கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மேடையில் இருக்கும் பெரியவர் யாராவது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை ஆட்டுவார். மேளக்காரர் அதைப் பார்த்ததும் வெளுத்து வாங்குவார், ஜனங்கள் அட்சதை போடுவார்கள். ரெஸ்லிங்கில் ஒருத்தன் இன்னொருத்தன் மேல் படுத்து, தோள் எழும்பாமல் அமுக்க, நடுவர் தரையைத் தட்டி மூன்று எண்ணினால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது தட்டு விழும்போது முன்வரிசை சோபாவில் இருந்து தினகரன் விரலை ஆட்டுவார். கெட்டிமேளம் முழங்கும். வாசலிலேயே பேப்பரில் மடித்துக் கொடுத்த அட்சதையை ஜனங்கள் ரிங்குக்குள் வீசுவார்கள். தவில் வாசிக்கும் அன்புவுக்கு ரெஸ்லிங்கில் யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்பது கடைசி வரை விளங்கவில்லை. அவர் அதைப் பார்ப்பதும் இல்லை. கூட்டத்தில் எங்கே விரல் ஆடுகிறது என்று மட்டும் பார்ப்பார்.

பட்டத்தின் சரித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை.

முதல் சாம்பியன் தினகரனேதான். படப்பையில் எட்டுப் பேர் மோதிய போட்டியில் வென்று வந்தார் என்று போஸ்டர் அடித்தார்கள். படப்பையில் அப்படியொரு போட்டி நடந்ததைப் படப்பைக்காரர்களே அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர் பட்டத்தைக் காப்பாற்ற முதன்முதலில் மோதி வீழ்த்தியது சிட்டிபாபுவை. அதோடு அவருக்கு பிரஷர் ஏறி, டாக்டர் உப்பையும் ரெஸ்லிங்கையும் சேர்த்து நிறுத்தச் சொல்லிவிட்டார். காலியான பட்டத்தை சிட்டிபாபுவை அடித்து வாங்கியவன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு மலை மாதிரி ஆள். கம்பெனி அவனை நைட் ஷிஃப்டுக்கு மாற்றியது. பெல்ட்டையும் தன்னோடு கொண்டுபோய்விட்டான். ஒரு ஆடி மாதம் முழுக்க பட்டம் நைட் ஷிஃப்டில் இருந்தது.

மூன்றாவது ஜோஸ்வின். பல்லாவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரல். ஆடியில் சிட்டிபாபுவை அடித்துப் பட்டம் வாங்குவார். மார்கழி வந்தால் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் இருக்கிறது என்று பட்டத்தைத் துறந்துவிட்டு, சாண்டா கிளாஸோடு டாடா ஏஸில் ஏறிவிடுவார். அடுத்த ஆடியில் திரும்பவும் வந்து திரும்பவும் சிட்டிபாபுவை அடிப்பார். இப்படி ஜெயித்து ஜெயித்து விட்டெறிந்ததால் மூன்று முறை சாம்பியன் என்று போஸ்டரில் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக சூர்யா. சிட்டிபாபுவை அடித்து சாம்பியன் ஆனவன், தை பிறந்ததும் அதே மண்டபத்தில் கல்யாணம் செய்துகொண்டான். அடிதடி வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுவர் ஆனான். நடுவரை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று அந்தப் பெண் நம்பியது, பாவம்.

ஆக, இந்தப் பட்டத்தின் சரித்திரம் என்று ஒன்று இருந்தால் அது சிட்டிபாபுவின் முதுகில்தான் எழுதியிருக்கிறது. யார் சாம்பியன் ஆனாலும் கீழே கிடந்தது அவன்தான்.

அவனுக்கு இதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அவனைவிட வருத்தம் அவன் மனைவி ஹேமாவதிக்கு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நைட்டி விற்கிறவள். ஒரு நைட்டியைப் பேரம் பேசிக் குறைக்க வந்தவர்களை இரண்டு நைட்டி வாங்க வைத்து அனுப்பக்கூடிய வாய். அந்த வாயையே வரதராஜபுரத்தில் அவள் தெருப் பெண்கள் அடைத்துவிட்டார்கள். தண்ணீர் லாரி வரும்போது குடத்தை முன்னால் வைத்தால் போதும், "தோத்தாங்கோளி பொண்டாட்டி வந்துட்டா, வழி வுடுங்கடி" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஒரு தடவைகூட அவள் மண்டபத்துக்கு வந்ததில்லை. அங்கே நடப்பதெல்லாம், மேளத்துக்கு விரல் ஆட்டுவது வரை, சிட்டிபாபு சொல்லக் கேட்டதுதான். சிட்டிபாபு ஃப்ரீ பாஸ் கொண்டுவந்து கொடுத்தாலும், "நீ தோக்கறத இன்னாத்துக்குய்யா மண்டபத்துல வந்து பாக்கணும்? கரண்ட் பில்லு கட்டப் போனாலே வரிசைல நாலு பேர முன்னால வுட்டுட்டுத்தான் வர்ற" என்று தள்ளிவிடுவாள்.

போன கார்த்திகையில் சிட்டிபாபுவின் முட்டி வீங்கியது. இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு என்றார் டாக்டர். தினகரன் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, "இந்த மார்கழி பெல்ட் உனக்குத்தான் சிட்டி. கடைசி ஞாயித்துக்கிழமை. நான் சொல்லிட்டேன், போ" என்றார்.

ரெஸ்லிங்கில் ஒரே ஒரு சத்தியம் உண்டு. முடிவு என்ன என்று வெளியே சொல்லக்கூடாது. பன்னிரண்டு வருடத்தில் சிட்டிபாபு அதை மீறியதில்லை. தோற்கப்போகிறேன் என்பதைச் சொல்லி ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹேமாவதியிடம் சொல்லிவிட்டான்.

அவள் கையில் இருந்த நைட்டி மூட்டையைக் கீழே வைத்தாள். "நெசமாவா?"

"அண்ணன் வாயாலயே சொன்னாரு ஹேமா."

அவ்வளவுதான். மறுநாள் தண்ணீர் லாரி போவதற்குள் வரதராஜபுரத்துக்கே தெரிந்துவிட்டது. ஹேமாவதி சும்மா சொல்லவில்லை, சவாலாகச் சொன்னாள். எந்தெந்த வாய் தோத்தாங்கோளி பொண்டாட்டி என்றதோ அந்த வாய் எல்லாம் வந்து பார்க்க வேண்டும் என்று, தெருப் பெண்கள் ஒரு டஜன் பேருக்கும் அவளே டிக்கெட் எடுத்து, ஒரு வேனும் பேசிவிட்டாள். சிட்டிபாபு ஷெட்டில் மெஷின் முன்னால் நின்றுகொண்டு ஜெயித்தவன் கையை எப்படித் தூக்க வேண்டும் என்று பழகிப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாக அந்தக் கை தூக்கியே பழக்கமில்லை.

மார்கழி கடைசி ஞாயிறு. சிட்டிபாபு வழக்கம்போல மணமகள் அறையில் உட்கார்ந்து, பெண்கள் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகளுக்கு நடுவில் முகத்தைத் தேடி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டிக்கொண்டு தினகரன் வந்தார். அவர் கதவைத் தட்டியதுமே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன் மண்டபத்தில் எந்தக் கதவையும் தட்டுகிற ஆள் இல்லை அவர்.

"சிட்டி, ஒரு சின்ன சேஞ்ச்பா" என்றார். "பெல்ட் ஜெபினுக்குப் போகுது."

ஜெபின் அன்றைக்கு அவனோடு மோத வேண்டிய பையன். குரோம்பேட்டை ஜிம்மில் வளர்ந்த உடம்பு. நல்ல பையன்தான்.

"அண்ணா, எனக்குத்தான்னு சொன்னீங்களே."

"சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஜெபினுக்கு இன்ஸ்டாகிராம்ல நாப்பதாயிரம் பேர் இருக்காங்க. உனக்கு எத்தனை பேர்?"

"எனக்கு இன்ஸ்டாவே கெடையாதுண்ணா."

"அதான்."

தினகரன் அவன் தோளில் தட்டி, "வர்ற ஆடில பாத்துக்கலாம். நடுவுல ஒரு தடவை நீ அவனை அமுக்கற மாதிரி வச்சிருக்கேன். ரெண்டு எண்றப்போ ஜெபின் எழுந்துக்குவான். ஜனங்க பதறிடுவாங்க, நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டு போனார்.

ஜெபின் வந்து வாசலில் நின்றான். "சாரிண்ணா. எனக்கே இப்பத்தான் சொன்னாங்க."

"நீ இன்னாப்பா பண்ணுவ, வுடு" என்றான் சிட்டிபாபு. "கீழ வரும்போது மட்டும் தலைய உள்ள இழுத்துக்கோ. மீதிய நான் பாத்துக்கறேன்."

பையன் போனதும் ஹேமாவதிக்குப் போன் போட்டான். எதிர்முனையில் ஒரே பெண்கள் சத்தம், சிரிப்பு, யாரோ விசில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"ஹேமா, எங்க கீற?"

"வண்டில கீறேன். வந்துகினே கீறோம். இன்னா?"

"நீ வராத ஹேமா. மாத்திட்டாங்க. நான் தோக்கறேன்."

அவன் காதில் அந்த விசில் மட்டும் கேட்டது.

"யார்கிட்ட?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"ஜெபின்னு ஒரு பையன்."

"யோவ், ஒரு டஜன் பொம்பளைங்கள ஏத்தினு வந்துகினு கீறேன். இப்ப எறங்குங்கடி, என் புருசன் வழக்கம்போல கீழதான் கெடக்கப் போறான்னு சொல்லச் சொல்றியா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. தோற்பதற்கு அவன் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. ஜெயிக்கப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்ல வைத்துவிட்டுத் தோற்பதுதான் தாங்க முடியவில்லை.

"முழுசா நீ கீழதானா?" என்று கேட்டாள் ஹேமாவதி. "ஒரு தபாவாச்சும் அவன் மேல படுப்பியா?"

பாவம், அதையாவது காட்டலாம் என்று பார்க்கிறாள் என நினைத்தான். "ஒரு தபா படுப்பேன். ரெண்டு எண்றப்போ எழுந்துப்பான்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. தையில் கல்யாணம் வைத்திருக்கும் இரண்டு குடும்பங்கள் மண்டபத்தைப் பார்க்க வந்து, தினகரன் வற்புறுத்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புகை மெஷின் ரிப்பேர் என்பதால் சமையற்கட்டு ஆட்கள் சாம்பிராணி போட்டார்கள். அந்தப் புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே ஜெபின் வந்தான். அதற்கு முன்பே ரிங்கில் நின்ற சிட்டிபாபுவுக்கு மூன்றாவது வரிசையில் ஹேமாவதி தெரிந்தாள். கல்யாணப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பக்கத்தில் வரிசையாக வரதராஜபுரம். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. சிட்டிபாபு அன்றைக்கு விழுந்த மாதிரி என்றைக்கும் விழுந்ததில்லை. கோபத்தையும் அழுகையையும் வேறெங்கே கொண்டுபோய்க் கொட்டுவான், தரையில்தான் கொட்டினான். ஜெபின் லேசாகத் தொட்டால் பறந்தான். ஓங்கினால் சுருண்டான். வரதராஜபுரம் பெண்களில் ஒருத்தி, "அடேய், அது எங்க தெரு ஆளுடா, வுட்ருடா பாவி!" என்று ஜெபினைப் பார்த்துக் கத்தினாள். அவள்தான் தண்ணீர் லாரியில் முதலில் வாய் திறக்கிறவள்.

பேசி வைத்த இடம் வந்தது. சிட்டிபாபு எழுந்தான். ஜெபினைத் தூக்கிப் பத்திரமாகப் போட்டான், பையன் தலையை ஒழுங்காக உள்ளே இழுத்துக்கொண்டான். அவன் மேல் படுத்தான். நடுவர் சூர்யா பாய்ந்து வந்து மண்டியிட்டுத் தரையைத் தட்டினான்.

"ஒண்ணு!"

மண்டபம் எழுந்து நின்றது.

"ரெண்டு!"

ஜெபினின் தோள் அவனுக்குக் கீழே எழும்ப இறுகுவது சிட்டிபாபுவுக்குத் தெரிந்தது. அதற்குள் முகத்தைத் திருப்பியதில் மூன்றாவது வரிசை கண்ணில் பட்டது. ஹேமாவதி நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஆள்காட்டி விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

யாரைத் திட்டுகிறாள் என்று அவன் யோசிப்பதற்குள் அன்பு அடித்துவிட்டார்.

கெட்டிமேளம் என்றால் கெட்டிமேளம். தவில் இரண்டு, நாதஸ்வரம் இரண்டு, ஜால்ரா ஒன்று, அத்தனையும் ஒரே நேரத்தில். எந்தத் தமிழனுக்கும் அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக வேலை செய்யும். மொத்தக் கூட்டமும் அட்சதையை வீசியது. சூர்யா அதே மண்டபத்தில் அதே சத்தத்தில் தாலி கட்டியவன். அவன் கையும் தானாகக் கீழே வந்து மூன்றாவது முறை தட்டிவிட்டது. ஜெபின் தோளைத் தூக்கியிருந்தான் என்பதும் உண்மைதான். மஞ்சள் அரிசி மழையில் அதை யார் பார்த்தார்கள்? அவனே கண்ணில் விழுந்த அரிசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பாதிக் கூட்டம் கெட்டிமேளம் முடிந்ததும் என்ன செய்யுமோ அதைச் செய்தது. முதல் பந்திக்கு இடம்பிடிக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடியது. அங்கே சமோசாவும் டீயும்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்பியது. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ரிங்குக்குள் ஏறி, சிட்டிபாபுவின் கையைக் குலுக்கி ஒரு மொய்க் கவரைத் திணித்துவிட்டு, "பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டார்.

தினகரன் முகம் சிவந்து ரிங் ஓரத்துக்கு வந்தார். "யாரு அன்பு உங்கள அடிக்கச் சொன்னது?"

"வெரல் ஆடுச்சு, அடிச்சேன்" என்றார் அன்பு. "யாரோட வெரல்னு பாக்கறது என் வேலை இல்லீங்க."

"எனக்கு எதுவும் பிரச்சினை இல்ல சார்" என்றான் ஜெபின். "செல்லாதுன்னு மைக்ல சொல்லிடுங்க, திரும்ப முதல்லேர்ந்து போடறோம்."

தினகரன் மைக்கை வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த தை மாதத்துக் குடும்பங்கள் கண்ணில் பட்டன. அவர்கள் கைகூப்பி நின்றிருந்தார்கள், பழக்கதோஷம். கிளியம்மாள் மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டிய பிறகும் நடந்தது செல்லாது என்று மைக்கில் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் மனதில் ஓடியது அவர் முகத்திலேயே தெரிந்தது. தாம்பரம் முழுக்க அந்தப் பேச்சு பரவும். அப்புறம் எந்தப் பெண்ணைப் பெற்றவன் அங்கே தாலி கட்ட வைப்பான்? வருடம் பூராவும் ரெஸ்லிங் நடத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"தாம்பரம் வட்டாரத்தின் புதிய சாம்பியன், சிட்டிபாபு!" என்றார் தினகரன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் மைக்கில் கொஞ்சம் கரகரப்பாகக் கேட்டது.

பெல்ட்டை அவரே இடுப்பில் கட்டினார். கட்டும்போது காதோரம், "ஆடி வரைக்கும் வச்சுக்கோ" என்றார். நடுவில் போட்டி எதுவும் கிடையாது என்பதால், ஆறு மாதம் யாரோடும் மோதாமலே சாம்பியனாக இருக்கப்போகிறவன் அந்தப் பட்டத்தின் சரித்திரத்திலேயே அவன் ஒருத்தன்தான். வரதராஜபுரம் பெண்கள் ரிங்கைச் சுற்றி நின்று விசில் அடித்தார்கள். தண்ணீர் லாரிக்காரி அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஷெட்டில் பழகி வைத்தது எல்லாம் மறந்துபோய், கையைத் தூக்கவே அவனுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

வேன் முன்னால் போக, சிட்டிபாபுவும் ஹேமாவதியும் பைக்கில் வந்தார்கள். பெல்ட் இருவருக்கும் நடுவில். முடிச்சூர் சாலை வழக்கம்போல நகரவில்லை. வேனின் பின் கண்ணாடி வழியாகப் பெண்கள் கையாட்டி, "சாம்பியன் பொண்டாட்டி!" என்று கத்தினார்கள். ஹேமாவதி பெரிய மனுஷி மாதிரி தலையை மட்டும் அசைத்தாள்.

சிட்டிபாபுவுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ரிங்கில் நின்ற ஐந்து நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இறங்கியதும் பக்கத்து வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"ஹேமா, நீ யாரத் திட்டினு இருந்த?"

"எப்போ?"

"நாற்காலி மேல ஏறி. உன் வெரலப் பாத்துத்தான் அன்பண்ணன் தப்பா அடிச்சிட்டாரு. தினகரண்ணனுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

"நான் யாரையும் திட்டலயே."

"பின்ன?"

"நீதான சொன்ன, ஒரு தபா மேல படுப்பேன்னு. படுத்தா வெரலத் தூக்கிடணும்னு வண்டிலயே முடிவு பண்ணிட்டேன். நீ எவ்ளோ நேரங்கழிச்சுப் படுக்கற தெரியுமா, மடில ரெடியா வச்சினு இருந்து என் கையே மரத்துப் போச்சு."

அவன் வண்டியை நிறுத்தவில்லை, அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்க்க முயன்றான், முடியவில்லை.

"அப்ப நான் நெசமா ஜெயிக்கலியே ஹேமா" என்றான். சின்னக் குரலில்தான் வந்தது.

"மத்தவன்லாம் நெசமா ஜெயிச்சானா?" என்றாள் அவள். கோபமாகத்தான் சொன்னாள். சந்தையில் அளவு சரியில்லை என்று சொல்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். "அவனவனுக்கு தினகரன் வெரல ஆட்னாரு, ஜெயிச்சான். பன்னெண்டு வருசமா உனக்கு ஆட்றதுக்கு ஒரு ஆளு இல்ல. அதான் நான் வந்து ஆட்னேன். போதுமா?"

ஹெல்மெட்டின் கண்ணாடி உள்பக்கம் மங்கியது. தோள் குலுங்கியதில் பெல்ட் சரிந்து ஹேமாவதி மடியில் இடித்தது. அவள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"அழுவறதுன்னா ஓரங்கட்டினு அழுய்யா. பின்னால பஸ்ஸு வருது."

அவன் ஓரங்கட்டினான்.